ஆக்கியோன் பெயரும் வழியும்: ஒரு டிஸ்கோ காதற்பாட்டின் வரலாறு

நன்னூல் கற்கப் புகும் மாணவன் முதலில் சந்திப்பது பாயிரத்தை. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் உரைப்போர் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது பவணந்தியார் வகுத்த விதி. அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர், இரண்டாவது வழி. இதனைச் செய்தவர் யார், இஃது எதன் வழியாக வந்தது என்னும் இரண்டையும் சொல்லிய பின்னரே நூலின் பெயருக்கு வருகிறோம். எவ்வளவு நேர்மையான வரிசை!

இவ்விதியை ஒரு டிஸ்கோ பாட்டுக்குப் பொருத்திப் பார்க்கும் எண்ணம் எனக்கு வந்தது ஒரு தேநீர்க் கடையில். விடுமுறையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு மாதம் தற்காலிக வேலை செய்தேன். இரவு ஷிப்டு முடிந்து வெளியே வந்தால், விடியற்காலை ஆறரை மணிக்குக் கடையில் இடம் கிடைக்காது. ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம் என எல்லா ஊர்த் தோழர்களும் அங்கே நிற்பார்கள். ஒருநாள் ஓர் இளைஞர் கைப்பேசியில் ஓர் இந்திப் பாட்டை உரக்க வைத்தார். பால் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பிப் பார்த்து, “அட, இது எங்க காலத்துப் பாட்டாச்சே தம்பி!” என்றார். அந்த இளைஞரோ, “இல்ல அண்ணா, புதுப் பாட்டு” என்று தமக்குத் தெரிந்த தமிழில் மறுத்தார். இருவரும் உண்மையே பேசினர். கடைக்காரர் கேட்டது 1980இல் வந்த ‘குர்பானி’ என்னும் இந்திப் படத்துப் பாட்டு. இளைஞர் கேட்டது அதே பாட்டுக்கு 2022இல் ‘ஆன் ஆக்‌ஷன் ஹீரோ’ என்னும் படத்தில் கொடுக்கப்பட்ட மறுவடிவம். ‘ஆப் ஜைசா கோயி’ என்பது அப்பாட்டின் பெயர்.

கல்லூரி திறந்ததும் இதனை வகுப்பில் சொன்னேன். நம் பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “அந்தக் காலத்து டிஸ்கோ பாட்டெல்லாம் வெள்ளைக்காரன் பாட்டைக் காப்பி அடித்ததுதானே?” என்றார். வகுப்பு இரண்டு கட்சியாயிற்று. எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. வரலாறு படிக்கும் மாணவனுக்கு அது ஒரு குறையாகவே பட்டது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே இக்கட்டுரை.

டிஸ்கோ என்பது யாது?

‘டிஸ்கோதேக்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் குறுக்கமே டிஸ்கோ. இசைத்தட்டுகளைச் சேர்த்து வைக்கும் இடம் என்பது அதன் முதற்பொருள். பின்னர், இசைக்குழு இல்லாமல் தட்டைச் சுழலவிட்டு ஆடும் கூடத்துக்கு அப்பெயர் வந்தது. அதன் பின்னர் அக்கூடத்தில் ஒலித்த இசையையே அப்பெயரால் அழைத்தனர். நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர்.

1970களின் தொடக்கத்தில் நியூயார்க், பிலடெல்பியா முதலிய அமெரிக்க நகரங்களில் இவ்விசை உருப்பெற்றது. அங்கே அதனை வளர்த்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்களும், இலத்தீன் அமெரிக்க வழியினரும், ஊராரால் ஒதுக்கப்பட்ட ஒருபால் விழைவினரும் ஆவர். ஆகவே ‘வெள்ளைக்காரன் பாட்டு’ என்று பொதுப்படச் சொல்வது முதற்படியிலேயே பிழைபடுகிறது.

இதன் அடையாளம் தாளம். நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்றில் நான்கிலும் பெருமுரசு ஒரே அழுத்தத்துடன் விழும். இரண்டு அடிகளுக்கு நடுவே இரட்டைத் தாளத்தட்டு ‘ட்ஸ்’ என்று திறந்து மூடும். 1973இல் பிலடெல்பியாவின் டிரம்ஸ் கலைஞர் ஏர்ல் யங் ஒரு பாட்டில் இம்முறையைத் தெளிவாக வாசித்துக் காட்டினார். பின்வந்தோர் அதனைப் பின்பற்றினர். நம் ஆதிதாளத்தில் தட்டும், விரல் எண்ணிக்கையும், வீச்சும் என வேறுபாடு உண்டு. பாட்டு எங்கே நிற்கிறது என்பதைக் கையே சொல்லிவிடும். டிஸ்கோவில் அந்த வேறுபாடு இல்லை. எல்லா அடியும் ஒன்றே. எந்த இடத்தில் நுழைந்தாலும் ஆடலாம், தாளம் தெரியாதவனும் ஆடலாம். அதுவே அதன் வலிமை, அதுவே அதன் வறுமை. பிரஸ் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நின்றவர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த எந்திரம் இரவெல்லாம் வாசிப்பது இதே தாளத்தைத்தான், பாட்டு மட்டும் இருக்காது.

1977இல் ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ என்னும் படம் வந்து உலகெங்கும் இவ்விசையைக் கொண்டு சென்றது. ஆனால் இரண்டே ஆண்டில், 1979 ஜூலை 12 அன்று, சிகாகோ நகரின் பேஸ்பால் மைதானம் ஒன்றில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததால் அன்றைய இரண்டாம் ஆட்டமே நடக்கவில்லை. அமெரிக்காவில் டிஸ்கோவுக்குக் கொள்ளி வைத்த மறு ஆண்டில்தான் அது பம்பாயில் பெருவாழ்வு தொடங்கியது.

ஆக்கியோன் பெயர்

‘ஆப் ஜைசா கோயி’ பாட்டுக்கு இசையமைத்தவர் பெயர் பிட்டு. இப்பெயரைக் கேட்டதும் வந்திக்கிழவியின் பிட்டு நினைவுக்கு வரும். தேர்வறைப் ‘பிட்டு’ நினைவுக்கு வரும் நண்பர்களும் நம் கல்லூரியில் உண்டு. இவர் பிட்டு அப்பையா. குடகு வழியினர், பெங்களூரில் வளர்ந்தவர். நம் தாத்தா பாட்டிமார் இலங்கை வானொலியில் தமிழ்ப் பாட்டுக்குக் காத்திருந்த நாள்களில், அதே வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் மேனாட்டுப் பாட்டைக் கேட்டு மயங்கியவர். நண்பர்களோடு ‘டிரோஜன்ஸ்’ என்னும் கிதார்க் குழு ஒன்றில் பாடினார். பெங்களூர், கல்கத்தா, பம்பாய் எனப் பாடிச் சென்ற பின்னர் 1967இல் இலண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவரை வரவேற்க யாரும் காத்திருக்கவில்லை. கிடைத்த வேலைகளைச் செய்து பணம் சேர்த்து ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு எடுத்தார்.

1974இல் ஜமைக்காவில் பிறந்த கார்ல் டக்ளஸ் என்னும் பாடகருக்கு அவர் ஒரு தட்டு பதிவு செய்தார். அதன் முதற்பக்கத்துப் பாட்டுக்கே நேரமெல்லாம் போயிற்று. மறுபக்கத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே என்று எஞ்சிய சில நிமிடங்களில் அவசரமாகப் பதிவு செய்த பாட்டு ‘குங்ஃபூ ஃபைட்டிங்’. நிறுவனத்தார் கேட்டுவிட்டு அதனையே முதற்பக்கம் ஆக்கினர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது முதலிடம் பெற்றது. 1976இல் டினா சார்லஸ் என்னும் பாடகியைக் கொண்டு அவர் தயாரித்த ‘ஐ லவ் டு லவ்’ என்னும் டிஸ்கோ காதற்பாட்டு, அவ்வாண்டு மார்ச்சில் மூன்று வாரம் இங்கிலாந்தின் முதலிடத்தில் நின்றது. அஃதாவது, டிஸ்கோ இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே, இங்கிலாந்தில் அதனை நிலைநாட்டியவர்களுள் ஓர் இந்தியர் இருந்தார். வெள்ளையர் பாட்டை இந்தியர் எடுத்தாண்டனர் என்ற கூற்றுக்கு நேர்மாறாக, இந்தியர் செய்த பாட்டுக்கு வெள்ளையர் ஆடினர்.

அந்த டினா சார்லசின் மேடைக் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர் டிரெவர் ஹார்ன் என்னும் இளைஞர். பிட்டுவின் ஒலியமைப்பை அருகிலிருந்து பார்த்தவர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் பம்பாயில் மீண்டும் அவரைச் சந்திப்போம்.

பதினைந்து வயதுக் குரல்

‘குர்பானி’ படத்தைத் தயாரித்து இயக்கி நடித்தவர் பெரோஸ் கான். படத்தின் மற்றப் பாட்டுகளுக்குக் கல்யாண்ஜி ஆனந்த்ஜி இரட்டையர் இசையமைத்தனர். இரவு விடுதியில் ஜீனத் அமன் பாடி ஆடும் ஒரு காட்சிக்கு மட்டும் அவர் இலண்டனில் இருந்த பிட்டுவை நாடினார். பாடுவதற்கு, இலண்டனில் ஒரு விருந்தில் தாம் கண்ட பள்ளி மாணவி ஒருத்தியை அனுப்பி வைத்தார். அவர்தாம் நாஸியா ஹசன். 1965இல் கராச்சியில் பிறந்தவர்; கராச்சியிலும் இலண்டனிலும் வளர்ந்தவர். பாடியபோது வயது பதினைந்து.

இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1965இலும் 1971இலும் போரிட்ட இரு நாடுகள். அந்நாட்டுப் பெண் பாடுகிறாள், இந்நாட்டு நடிகை வாயசைக்கிறாள், பெங்களூர்க்காரர் இசையமைக்கிறார், இவர்கள் கூடுமிடம் முன்னாள் ஆட்சியாளரின் தலைநகர். கறுப்பின அமெரிக்கரிடமிருந்து வந்தது தாளம். இதனை ‘யாருடைய பாட்டு’ என்று ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது?

பாட்டுப் பதிவான முறையும் நமக்குப் புதிது. அந்நாளில் நம் நாட்டுத் திரைப்பாட்டு பெரும்பாலும் பாடகரும் இசைக்குழுவும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் கூடிப் பதிவானது. ஒருவர் தவறினால் அத்தனை பேரும் மீண்டும் தொடங்க வேண்டும். இலண்டனில் பலதட ஒலிப்பதிவு வழக்கத்துக்கு வந்துவிட்டது. டிரம்ஸ் ஒரு தடம், பேஸ் கிதார் ஒரு தடம், மின்விசைப் பலகை வேறு தடம், குரல் வேறு தடம் எனத் தனித்தனியே பதிந்து, பிறகு வேண்டிய அளவில் கலப்பார்கள். ‘குர்பானி’யின் மற்றப் பாட்டுகளுக்கு நடுவே இந்த ஒன்று மட்டும் வேறு உலோகத்தில் வார்த்ததுபோல் ஒலிப்பதற்கு இதுவே காரணம். முரசு நெஞ்சில் விழுகிறது. குரல் அதனோடு போட்டியிடாமல் மேலே தனியே மிதக்கிறது.

அந்தக் குரல்! லதா மங்கேஷ்கரும் ஆஷா போன்ஸ்லேயும் பல்லாண்டு பயிற்சியால் பெற்ற நெளிவு சுளிவு எதுவும் அதில் இல்லை. மெல்லியது, சற்றே மூக்கொலி கலந்தது. சங்கீதம் அறிந்தோர் அதனைக் குறையென்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டின் கருத்தே ஒரு நிபந்தனை வாக்கியம். இப்படி ஒருவர் வந்தால் எப்படி இருக்கும் என்னும் விருப்பம். காதலரை ‘நீ’ என்னாமல் ‘நீங்கள்’ என்று மரியாதையோடு விளிப்பது வேறு. வராத ஒருவரைப் பற்றிய இவ்விருப்பத்தைத் தேர்ந்த குரல் பாடினால் நடிப்பாகிவிடும். பதினைந்து வயதுப் பெண் பாடியதால் அது விருப்பமாகவே நின்றுவிட்டது. படத்தின் முதன்மைப் பாடலாசிரியர் இந்தீவர் எளிய சொற்களையே ஆள்பவர். அந்த எளிமையால்தான், இந்தி தெரியாத நம் பக்கத்து மக்களும் வாய்க்கு வந்தபடி முதலடியை முணுமுணுத்தனர் என்று நினைக்கிறேன்.

படம் 1980 ஜூனில் வெளிவந்து அவ்வாண்டின் பெருவெற்றிப் படங்களுள் ஒன்றாயிற்று. சிறந்த பின்னணிப் பாடகிக்கான ஃபிலிம்ஃபேர் விருது நாஸியாவுக்குக் கிடைத்தது. அவ்வளவு இளவயதில் அதனைப் பெற்றவர் வேறு எவரும் இல்லை. 1981இல் தம்பி ஸோஹேப் ஹசனுடன் அவர் பாடி, பிட்டு உருவாக்கிய ‘டிஸ்கோ தீவானே’ இசைத்தட்டு வந்தது. திரைப்படம் இல்லாமலே ஒரு தட்டு இந்தியாவில் இப்படி விற்கும் என்று அதற்கு முன் யார் நம்பினார்கள்?

முதல்நூலா, வழிநூலா?

இனி வகுப்பறைக் கேள்விக்கு வருவோம். ‘ஆப் ஜைசா கோயி’ காப்பியா?

அன்று. மெட்டு பிட்டுவுடையது. அதற்கு அவர் அணிவித்த ஒலியுடையும் 1974 முதல் தாமே தைத்துப் பழகியது. டிஸ்கோ என்னும் இசைவகை வெளியிலிருந்து வந்தது என்பது உண்மை. ஆனால் வகை வேறு, பாட்டு வேறு. விருத்தத்தில் பாடியவரெல்லாம் கம்பரைக் காப்பி அடித்தவர் என்று யாரும் சொல்வதில்லை.

ஆயினும் பேராசிரியர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. இப்பாட்டு திறந்துவிட்ட வாயில் வழியே வந்தவற்றுள் பல வழிநூல்கள். அதே 1980இல் ‘பியாரா துஷ்மன்’ படத்தில் பப்பி லாஹிரி இசையில் உஷா உதூப் பாடிய ‘ஹரி ஓம் ஹரி’, எரப்ஷன் குழுவினர் பாடிய ‘ஒன் வே டிக்கெட்’ என்னும் பாட்டின் மெட்டு. அந்த ஆங்கிலப் பாட்டே 1959இல் நீல் செடாகா பாடியதன் மறுவடிவம். (உஷா உதூப் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், சென்னை மவுண்ட் ரோட்டில் ‘நைன் ஜெம்ஸ்’ என்னும் விடுதியில் பாடத் தொடங்கியவர் என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.) 1982இல் மிதுன் சக்கரவர்த்தி நடித்த ‘டிஸ்கோ டான்சர்’ வந்தது. அதில் பார்வதி கான் பாடிய ‘ஜிம்மி ஜிம்மி’ பாட்டின் மூலம், ஒட்டாவான் என்னும் பிரெஞ்சு இரட்டையர் 1980இல் பாடிய ‘தே ஓகே’. அதே படத்தில் உஷா உதூப் பாடிய ‘கோயி யஹான் நாச்சே நாச்சே’, 1979இல் இங்கிலாந்தில் முதலிடம் பெற்ற ‘வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார்’ பாட்டின் தழுவல். அதனை ஆக்கியவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? முன்னே சொன்ன டிரெவர் ஹார்ன்! பிட்டுவின் பாடகிக்குக் கிதார் வாசித்த இளைஞர் அங்கே கற்றதைத் தம் பாட்டில் சேர்த்தார். அந்தப் பாட்டைப் பம்பாய் எடுத்துக்கொண்டது. பெங்களூரிலிருந்து புறப்பட்டது பன்னிரண்டு கடல் சுற்றிப் பம்பாய்க்கே வந்து சேர்ந்தது.

‘ஜிம்மி ஜிம்மி’ அங்கேயும் நிற்கவில்லை. 1984இல் சோவியத் நாட்டில் ‘டிஸ்கோ டான்சர்’ திரையிடப்பட்டு 6 கோடிக்கு மேற்பட்ட நுழைவுச் சீட்டுகள் விற்றன. பிரெஞ்சு மெட்டை இந்திய மெட்டாகவே அறிந்து இரஷ்ய மக்கள் பாடினர்.

வழிநூல் செய்வது இழுக்கன்று. முன்னோன் பொருளைப் பின்பற்றித் தான் வேண்டும் வேறுபாட்டைச் சேர்த்துக்கொள்ள நன்னூல் இடம் தருகிறது. கம்பர் செய்ததும் வழிநூலே. ஆனால் அவர் வான்மீகியை மறைக்கவில்லை. டிஸ்கோ பாட்டுகளில் குறைவுபட்டது பாயிரம். மூலத்தை ஆக்கியோர் பெயரைத் தட்டின் உறையில் சொல்லும் வழக்கம் அந்நாளில் நம் திரையுலகில் இல்லை. அதனால் நேர்ந்த பெரிய தீங்கு எது? கடன் வாங்கியவர்கள் கடன்காரர் ஆகாமல் தப்பியது ஒருபுறம் இருக்கட்டும். கடன் வாங்காத பிட்டுவும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக எண்ணப்பட்டார். நாற்பது ஆண்டு கழித்து நம் வகுப்பறையிலும் அதே தீர்ப்பு வழங்கப்பட்டது.

நம் பக்கம்

தமிழில் இவ்வலை முன்பே தொட்டிருந்தது. 1978இல் ‘பிரியா’ படத்துக்கு இளையராஜா ஸ்டீரியோ முறையில் பாட்டுகளைப் பதிவு செய்தார். 1979இல் மெல்லிசை மன்னர் விசுவநாதன் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தில் ஒரு மேடைக் குழுவின் கதைக்கே இசையமைத்தார். 1982இல் வந்த ‘சகலகலா வல்லவன்’ படத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய புத்தாண்டுப் பாட்டை இன்றும் டிசம்பர் 31 நள்ளிரவில் கேளாத தெரு உண்டோ? இவை தமிழர் தம் கையால் செய்துகொண்டவை. ‘டிஸ்கோ டான்சர்’ கதை 1984இல் தெலுங்கில் ‘டிஸ்கோ கிங்’ ஆயிற்று; 1985இல் தமிழில் ஆனந்த்பாபு நடிக்கப் ‘பாடும் வானம்பாடி’ ஆயிற்று. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். நம் வட்டாரத்தார் இரண்டு மொழியிலும் படம் பார்ப்பவர்கள். ‘குர்பானி’ கதை 1986இல் சிவாஜி கணேசனும் ரஜினிகாந்தும் நடிக்க ‘விடுதலை’ என்று வந்தது, இசை சந்திரபோஸ். கதை வர ஆறாண்டு ஆயிற்று. பாட்டு அதற்கு முன்பே கேசட்டில் வந்துவிட்டது.

எப்படி வந்தது என்பதை, எங்கள் ஊரில் மைக்செட் வைத்திருந்த பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னார். கலியாண வீட்டில் விடியற்காலை சீர்காழியின் பிள்ளையார் பாட்டு. தாலி கட்டிய பின் எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு. மாலையில் பையன்கள் வந்து டிஸ்கோ கேட்பார்கள். சென்னையில் கேசட் பதிந்து தரும் கடைக்குப் பாட்டுப் பட்டியலோடு போவாராம். வெற்று நாடாவில் பாட்டை மட்டும் ஏற்றித் தருவார்கள். பாட்டின் பெயரோ படத்தின் பெயரோ அட்டையில் எழுதியிருக்கும். பாடியவர், இசையமைத்தவர் பெயர் இராது. “கூம்பு ஒலிபெருக்கியில அந்த அடி விழுந்தா சும்மா இருக்க முடியாதுப்பா. ஷிப்டு முடிச்சு வர்ற பசங்க சைக்கிளை நிறுத்திட்டுக் கேப்பாங்க” என்றார். யார் பாடியது என்று கேட்டேன். “ஜீனத் அமன்” என்று தயங்காமல் சொன்னார். நாற்பது ஆண்டாக அவருக்கு அதுவே விடை.

நாஸியா ஹசன் பின்னர்ச் சட்டம் பயின்றார். தம்பியுடன் மேலும் சில தட்டுகள் வெளியிட்டார். 2000 ஆகஸ்டு 13 அன்று இலண்டனில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 35. பிட்டு 1995இல் அலிஷா சினாய் பாடிய ‘மேட் இன் இந்தியா’ மூலம் மீண்டும் ஒருமுறை நாடெங்கும் ஒலித்தார். 2025இல் நம் மாதவன் நடித்து வந்த ஓர் இந்திப் படத்துக்கு ‘ஆப் ஜைசா கோயி’ என்றே பெயர்.

இவற்றையெல்லாம் சொல்லிக் கைப்பேசியில் நாஸியாவின் படத்தையும் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இவ்ளோ சின்னப் பொண்ணா?” என்றார். பிறகு உள்ளே போய்ப் பரண்மேல் இருந்த தகரப்பெட்டியை இறக்கினார். பூசணம் பிடித்த கேசட்டுகள். நாடா சுருங்கிப்போய் எதுவும் இனி ஓடாது. அதில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அட்டையில் நீல மையில் ‘குர்பானி’ என்று மட்டும் இருந்தது. “பேனா வெச்சிருக்கியா?” என்று கேட்டார். நாஸியா ஹசன், பிட்டு, இந்தீவர் என்று மூன்று பெயரையும் அதன் கீழே எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்து மூடினார்.